பொள்ளல் எவ்வளவு ஆழம், எவ்வளவு பரப்பு: டிரஸ்ஸிங் அறையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அதன் டிரஸ்ஸிங் அறையில் 17 வருடமாக வேலை செய்கிறேன். ரப்பர் ஷெட்டில் ஆசிட், சிப்ஸ் கடையில் தேங்காய் எண்ணெய், முந்திரி ஆலையில் (அண்டி ஆபீஸ் என்றுதான் நாங்கள் சொல்வோம்) ஓட்டிலிருந்து தெறிக்கும் எண்ணெய், வீட்டில் கஞ்சிப் பானை, ரோட்டில் பைக் சைலன்சர் என்று பொள்ளல் வராத வாரம் இங்கே கிடையாது. தீக்காயம், சூட்டுப் புண், கொதிநீர்ப் புண் எல்லாவற்றுக்கும் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பொள்ளல் என்றே பெயர் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

எல்லோரும் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். நோட்டில் குறித்து வைத்து, எங்கள் டாக்டரிடம் படித்துக் காட்டித் திருத்திய பிறகே இதை எழுதுகிறேன். வீட்டிலேயே வைத்தியம் பார்க்க இது உதவாது. எவ்வளவு அவசரம் என்று புரிந்துகொள்ளவும், டாக்டர் கேட்பதற்குச் சரியான பதில் சொல்லவும் உதவும்.

பிள்ளைக்க மேல சூடு காப்பி விழுந்திட்டு, மொதல்ல என்ன செய்யணும்? எவ்வளவு பொள்ளியிருக்குன்னு பார்க்கவா, தண்ணி ஊத்தவா?

தண்ணீர்தான் முதலில். குழாயைத் திறந்து, சாதாரணக் குளிர்ச்சியில் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மொபைலில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிள்ளை அழும்போது 3 நிமிடமே 20 நிமிடம் போலத் தெரியும். தண்ணீர் ஓடும்போதே நனைந்த துணி, அரைஞாண், வளையல், மோதிரம், கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். துணி தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்காமல் சுற்றி வெட்டி விடுங்கள். துணிக்குள் தேங்கிய சூடு வெளியே போகாது, தண்ணீர் ஊற்ற ஊற்ற அடியில் வெந்துகொண்டே இருக்கும்.

உடனே ஊற்ற முடியவில்லை என்றாலும் பொள்ளி 3 மணி நேரத்துக்குள் ஊற்றினால் பலன் உண்டு. ஐஸ் வைக்கக் கூடாது, ரத்தக் குழாய் சுருங்கி, பிழைக்க வேண்டிய தோலும் செத்துப்போகும். கைக்குழந்தைக்கு, அல்லது உடம்பில் பெரிய பரப்பு பொள்ளியவருக்கு, பொள்ளின இடத்தில் மட்டும் தண்ணீர் ஊற்றி மற்ற இடத்தைக் கம்பளியால் மூடுங்கள். உடம்பு சில்லிட்டுப் போவது தனி ஆபத்து.

தேய்க்க என்ன வைக்கலாம்? மாவு, பேஸ்ட், தேங்காய் எண்ணெய், மை?

ஒன்றும் வேண்டாம். தொற்று வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். தெரியாத காரணம் ஒன்று இருக்கிறது. பொள்ளலின் ஆழத்தை நாங்கள் நிறத்தைப் பார்த்துச் சொல்கிறோம். இட்லி மாவும் பற்பசையும் ஊதா மையும் பூசிக் கொண்டுவந்தால் அந்த நிறமே தெரியாது, காய்ந்து பொருக்கானதைத் தேய்த்து எடுக்க வேண்டியிருக்கும், பிள்ளை துடித்துப்போகும். போன ஓணத்துக்கு முந்தின நாள் சிப்ஸ் எண்ணெய் தெறித்த ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். முன்கை முழுக்க மஞ்சளும் காப்பித் தூளும் அப்பியிருந்தது. அதைக் கழுவி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது, கழுவிய பிறகு பார்த்தால் உள்ளங்கை அளவுதான் பொள்ளல்.

மூடிக்கொண்டு வர, துவைத்த வெள்ளைத் துணி போதும். சமையலறையில் சாப்பாடு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருந்தால் இன்னும் நல்லது, ஒட்டாது, பிரிக்காமலே உள்ளே பார்க்கலாம். வாழையிலையைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: நம் நாட்டில் சில தீக்காய வார்டுகளில் வாழையிலைக் கட்டு போட்டிருக்கிறார்கள், புண்ணில் ஒட்டாது என்பது உண்மைதான். ஆனால் அது கிருமி நீக்கிப் பதப்படுத்திய இலை. கொல்லையில் வெட்டின இலை வேறு.

சிஸ்டர், இது ஃபர்ஸ்ட் டிகிரியா செகண்ட் டிகிரியா? நெட்டில் பார்த்தா ஒண்ணும் விளங்கல.

டிகிரி என்பது ஆழம். தோல் இரண்டு அடுக்கு: மேலே மெல்லிய தோல், அடியில் நரம்பும் ரத்தக் குழாயும் முடி வேரும் உள்ள தடித்த தோல், அதற்கும் கீழே கொழுப்பு. சூடு மேல் தோலோடு நின்றால் ஃபர்ஸ்ட் டிகிரி. சிவந்து எரியும், கொப்புளம் இருக்காது, ஒரு வாரத்துக்குள் தழும்பில்லாமல் ஆறும். வேளாங்கண்ணிக்கு நடந்து போனவர்களின் பிடரியில் வெயில் சுட்டுச் சிவந்திருக்குமே, அது.

செகண்ட் டிகிரியில்தான் குழப்பமே, ஏனென்றால் அதற்குள் இரண்டு வகை. மேலாக நின்றது என்றால் கொப்புளம் வரும், கொப்புளத்துக்கு அடியில் ஈரமாக இளஞ்சிவப்பாக மினுங்கும், காற்றுப் பட்டாலே உயிர் போகும். விரலால் லேசாக அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்கும். ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். இது இரண்டு வாரம், கூடிப்போனால் மூன்று வாரத்தில் ஆறும். ஆழமாகப் போனது என்றால் சிவப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாக இருக்கும், ஈரம் குறைவு, அழுத்தினால் நிறம் மெதுவாகத் திரும்பும் அல்லது மாறவே மாறாது, வலியும் குறைவு. இது ஆற 3 வாரத்துக்கு மேலாகும், தழும்பு விழும், பல நேரம் தோல் ஒட்ட வேண்டி வரும்.

தேர்ட் டிகிரியில் தோல் முழுத் தடிமனும் போய்விட்டது. வெள்ளையாக, அல்லது பழுப்பாக, அல்லது கரிந்து, தொட்டால் பதப்படுத்தின தோல் போல விறைப்பாக இருக்கும். அழுத்தினாலும் நிறம் மாறாது. சின்ன இடம் தவிர தானாக ஆறாது.

வலியே இல்லைன்னு சொல்லுறார். அப்போ பயப்பட ஒண்ணும் இல்லியே?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் இதுதான் முக்கியமான கேள்வி. பொள்ளின இடம் வலிக்கவில்லை என்றால் அது நல்ல செய்தி இல்லை. வலியை உணரும் நரம்பு முனைகள் தடித்த தோலுக்குள் இருக்கின்றன, அதுவும் சேர்ந்து வெந்துவிட்டால் வலி எங்கிருந்து வரும்? கத்திக்கொண்டு வருகிறவரை விட, "ஒன்றுமில்லை சிஸ்டர், மரத்தாற்போல இருக்கு" என்று அமைதியாக உட்கார்ந்திருப்பவரை நான் முதலில் கூப்பிடுவேன்.

ஊசி முனையால் தொட்டுப் பார்க்கும் சோதனையும் உண்டு, வீட்டில் செய்யாதீர்கள். ஒரே கையில் நடுவில் மரத்தும் ஓரத்தில் எரிந்தும் இருக்கலாம். ஓரம் எரிகிறதே என்று நடுவை விட்டுவிடக் கூடாது.

டாக்டர் சீட்டுல 20%ன்னு எழுதியிருக்கு. அப்படின்னா 20 சதவீதம் ஆழமா?

இல்லை. சதவீதம் என்பது பரப்பு, உடம்பின் மொத்தத் தோலில் நூற்றுக்கு எவ்வளவு பொள்ளியது என்ற கணக்கு. அதைத்தான் சீட்டில் டி.பி.எஸ்.ஏ. என்று எழுதுகிறார்கள். ஆழமும் பரப்பும் தனித்தனி. பெருவிரல் அளவு இடம் எலும்புவரை போயிருக்கலாம், அது கால் சதவீதம்கூட வராது. முதுகு முழுக்கச் சும்மா சிவந்திருக்கலாம், அதைச் சதவீதத்தில் சேர்ப்பதே இல்லை.

சேர்ப்பதே இல்லை என்பதைக் கவனியுங்கள், பலர் அதில் தப்பு செய்கிறார்கள். ஃபர்ஸ்ட் டிகிரிச் சிவப்பைக் கணக்கில் எடுக்கக் கூடாது. கொப்புளம் உள்ள இடம், தோல் உரிந்த இடம், வெளுத்த இடம், கரிந்த இடம் மட்டும்தான்.

அந்தச் சதவீதத்தை எப்படிச் சொல்றாங்க? கண்ணால பார்த்தே சொல்லிடுவாங்களா?

கண்ணால்தான், ஆனால் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. ஒன்பது ஒன்பதாகப் பிரிப்பது. பெரியவர்களுக்குத் தலையும் கழுத்தும் சேர்ந்து 9%. ஒரு கை, தோளிலிருந்து விரல்வரை, 9%. உடம்பின் முன்பக்கம் நெஞ்சும் வயிறும் 18%, பின்பக்கம் 18%. ஒரு கால் 18%. மறைவிடம் 1%. கூட்டிப் பாருங்கள், நூறு வரும். எடின்பரோவில் இருந்த வாலஸ் என்ற அறுவை மருத்துவர் 1951இல் எழுதி இது உலகம் முழுக்கப் பரவியது. இன்றும் 108 வண்டியில் இதுதான் நடக்கிறது, ஏனென்றால் அவசரத்தில் மனதில் நிற்கும் கணக்கு இது ஒன்றுதான்.

எண்ணெய் தெறித்தது போல அங்கங்கே புள்ளி புள்ளியாக இருந்தால் ஒன்பது கணக்கு உதவாது. அப்போது உள்ளங்கைக் கணக்கு: விரல்களைச் சேர்த்து வைத்த முழுக் கை ஏறத்தாழ 1%. விரல் இல்லாமல் உள்ளங்கை மட்டும் என்றால் பாதிதான். பெரிய வார்டுகளில் இன்னும் நுணுக்கமாக, லண்ட், பிரவுடர் என்ற இரண்டு மருத்துவர்கள் 1944இல் வரைந்த படத்தில் வண்ணம் தீட்டிக் கணக்கெடுப்பார்கள், அதில் வயதுக்கு ஏற்ற பட்டியல் உண்டு.

யாருக்க உள்ளங்கை? என் கைய வச்சு பிள்ளைக்கு அளக்கலாமா?

பொள்ளினவருடைய கைதான். உங்கள் கையைக் குழந்தையின் வயிற்றில் வைத்தால் வயிறே மறைந்துபோகும், அதைப் போய் ஒரு சதவீதம் என்றால் கணக்கு தலைகீழாகிவிடும். பிள்ளையின் கையை ஒரு பேப்பரில் வைத்து வரைந்து, வெட்டி, அதைப் பொள்ளலுக்கு மேலே தொடாமல் பிடித்துப் பாருங்கள். நான் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

சின்னப் பிள்ளைக்கும் இதே ஒன்பது கணக்குதானா?

இல்லை. கைக்குழந்தையைக் குளிப்பாட்டியவர்களுக்குத் தெரியும், தலை பெரிது, கால் சின்னது. ஒரு வயதுவரை தலையும் கழுத்தும் 18%, கால் ஒவ்வொன்றும் 14%. அதன் பிறகு ஒவ்வொரு வயதுக்கும் தலையில் ஒன்றைக் குறைத்து, ஒவ்வொரு காலிலும் அரையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 5 வயதுப் பிள்ளைக்குத் தலை 14%, கால் 16% என்று வரும். பத்து வயதில் பெரியவர்கள் கணக்குக்கு வந்துவிடும். தலையில் காப்பி கொட்டிய குழந்தைக்குப் பெரியவர்கள் கணக்கைப் போட்டால் பாதிக்குப் பாதி குறைத்துச் சொன்னதாகிவிடும்.

இன்னொன்று, பிள்ளைகளின் தோல் மெல்லியது. 60 டிகிரி செல்சியஸ் தண்ணீர் பெரியவர்களின் தோலை ஆழமாகப் பொள்ள வைக்க 5 விநாடி ஆகும் என்றால் பிள்ளைக்கு ஒரு விநாடி போதும். அடுப்பிலிருந்து இறக்கின காப்பி அதைவிடச் சூடு. அதனால் "லேசா விழுந்தது" என்று யார் சொன்னாலும், பிள்ளை என்றால் நான் ஆழத்தை ஒரு படி கூட்டியே நினைத்துக்கொள்வேன். வயதானவர்களுக்கும் அப்படியே, தோல் காகிதம் போலாகியிருக்கும்.

எங்க தோல் கறுப்பு. சிவந்திருக்குன்னு படத்துல காட்டுறது எங்களுக்கு எப்படித் தெரியும்?

நியாயமான கேள்வி. புத்தகத்துப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரத் தோல்தான். நம் தோலில் ஃபர்ஸ்ட் டிகிரி சிவப்பாகத் தெரியாது, கொஞ்சம் கருத்தோ ஊதாவாகவோ பளபளப்பாகவோ தெரியலாம், சில நேரம் ஒன்றுமே தெரியாது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். அதே இடத்தை மறு கையோடு, மறு காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கொப்புளம் உரிந்த பிறகு நிறம் நமக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான். கறுப்பு நிறம் மேல் தோலோடு போய்விடும், அடியில் இளஞ்சிவப்பு வரும். அதைப் பார்த்து "வெள்ளையாயிட்டு, தேர்ட் டிகிரி" என்று பயந்து வருகிறார்கள். இளஞ்சிவப்பா, சுண்ணாம்பு வெள்ளையா, ஈரமா, காய்ந்ததா, அழுத்தினால் மாறுகிறதா என்று மேலே சொன்ன சோதனைதான் பிரித்துக் காட்டும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்பு எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடும்.

கொப்புளத்த உடைச்சு விடலாமா?

வீட்டில் வேண்டாம். சின்னக் கொப்புளம் தானே ஒரு கட்டு போல அடியில் இருப்பதைக் காப்பாற்றுகிறது. பெரியதாக, இழுத்துப் பிடித்தாற்போல, மூட்டின் மேல் இருந்தால் ஆஸ்பத்திரியில் சுத்தமாக எடுத்துவிடுவோம். அப்போதுதான் அடித்தளத்தின் நிறமும் தெரியும். மூடின கொப்புளத்தைப் பார்த்து ஆழம் சொல்வது, மூடின பானையைப் பார்த்துச் சோறு வெந்ததா என்று சொல்வது போலத்தான்.

நேத்து மேலோட்டம்ன்னு சொன்னாங்க, இன்னிக்கு ஆழமா இருக்குங்காங்க. யார் சொல்லுறது சரி?

இரண்டு பேரும் சரியாக இருக்கலாம், ஏனென்றால் பொள்ளல் முதல் இரண்டு மூன்று நாள் மாறிக்கொண்டே இருக்கும். 1953இல் ஜாக்சன் என்ற மருத்துவர் இதை மூன்று வளையமாகப் பிரித்துச் சொன்னார். நடுவில் செத்த தோல், அதை மீட்க முடியாது. வெளி வளையம் சிவந்த தோல், அது எப்படியும் பிழைக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வளையம், ரத்த ஓட்டம் தேங்கி, உயிரா சாவா என்று தெரியாமல் நிற்கும். தண்ணீர் ஊற்றியது, டிரிப் சரியாகப் போனது, தொற்று வராதது எல்லாம் அந்த நடு வளையத்தைக் காப்பாற்றத்தான். அது பிழைத்தால் பொள்ளல் மேலாகவே நிற்கும், போனால் ஆழமாகிவிடும்.

அதனால்தான் 48 மணி நேரம் கழித்து மறுபடி வரச் சொல்கிறோம். "நேற்றே பார்த்தாச்சே" என்று வராமல் இருந்துவிட்டு பத்தாம் நாள் சீழோடு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். முதல் நாள் சொன்னதைக் கடைசிச் சொல்லாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எப்போ உங்க மாதிரி சின்ன ஆஸ்பத்திரி போதும், எப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

பெரியவர்களுக்கு 10 சதவீதத்துக்கு மேல், பிள்ளைகளுக்கு 5 சதவீதத்துக்கு மேல் என்றால் பெரிய ஆஸ்பத்திரி. பரப்பு எவ்வளவாக இருந்தாலும் முகம், கை, பாதம், மறைவிடம், பெரிய மூட்டு என்றால் பெரிய ஆஸ்பத்திரி, ஏனென்றால் அங்கே தழும்பு இறுகினால் கை மடங்காது, கண் மூடாது. தேர்ட் டிகிரி, கரண்ட், ஆசிட், புகை குடித்தது, கர்ப்பிணி, சர்க்கரையோ இருதய நோயோ உள்ளவர், இவர்களும்தான். யாரோ வேண்டுமென்றே செய்தது என்ற சந்தேகம் இருந்தாலும் அப்படியே.

எங்கள் பக்கத்திலிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கும் போகிறார்கள், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கும் போகிறார்கள். எல்லை தாண்டுவதா என்று வாசலில் நின்று விவாதிக்கும் நேரத்தில் 108ஐக் கூப்பிடுங்கள், இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான். எங்கே படுக்கை இருக்கிறது என்று எங்கள் டாக்டர் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் அனுப்புவார், நீங்களும் அப்படிக் கேட்கச் சொல்லுங்கள். தடுப்பூசி, ரண ஜன்னி வராமலிருக்கப் போடும் டி.டி. ஊசிதான், எப்போது போட்டது என்பதையும் சொல்லுங்கள்.

முகத்தில கொஞ்சம்தான் பட்டிருக்கு, பேசிட்டுத்தான் இருக்கார். எதுக்கு இவ்வளவு அவசரப்படுத்துறீங்க?

குரல் மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். கரகரப்பு, மூக்கு முடி கருகியது, எச்சிலில் கரி, பூட்டின அறைக்குள் புகை, இதில் எது இருந்தாலும் மூச்சுக் குழாய் உள்ளே வெந்திருக்கலாம். புகைப்புரையில் (ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் அறை) ரப்பர் ஷீட் தீப்பிடித்து உள்ளே போனவர்களிடம் நாங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான், தோலை இல்லை. இப்போது பேசுகிறார், சில மணி நேரத்தில் தொண்டை வீங்கிவிட்டால் குழாய் போடவே இடம் இருக்காது. வீங்கும் முன்னே போட வேண்டும்.

கையைச் சுத்தி முழுசா பொள்ளியிருக்கு, விரல் மரத்துப்போகுது. கட்டு இறுக்கமா?

கட்டு இல்லை, தோல்தான். வெந்த தோல் விரியாது, அடியில் நீர் கோத்து வீங்கும்போது இரும்பு வளையம் போல இறுக்கும், விரலுக்கு ரத்தம் போகாது. விரல் சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. டாக்டர் அந்தத் தோலை நீளவாக்கில் கீறிவிட்டு இறுக்கத்தை எடுப்பார். நெஞ்சைச் சுற்றி என்றால் மூச்சே விட முடியாது. மோதிரத்தை முதலிலேயே கழற்றச் சொன்னது இதற்காகவும்தான்.

ரப்பர் பாலுக்கு ஊத்துற ஆசிட் காலில் கொட்டிட்டு. தீ இல்லையே, இதுக்கும் இதே கணக்கா?

பரப்புக்கு அதே கணக்கு, ஆழத்துக்கு இல்லை. பாலை உறைய வைக்க ஊற்றுவது பார்மிக் ஆசிட், கடையில் வாங்கும் கன்னாசில் தண்ணீர் கலக்காத சரக்கு இருக்கும், பொள்ள வைப்பது பெரும்பாலும் அதுதான். சூடு ஒரு நொடியில் முடிந்துவிடும், ஆசிட் கழுவி எடுக்கும்வரை உள்ளே போய்க்கொண்டே இருக்கும். 20 நிமிடம் போதாது. துணியையும் செருப்பையும் கழற்றிவிட்டு ஒரு மணி நேரமாவது ஓடும் தண்ணீர். சோடா மாவு போட்டு முறிக்கப் பார்க்காதீர்கள், அந்தச் சேர்க்கையே சூட்டைக் கிளப்பும். கண்ணில் பட்டால் இமையைப் பிரித்துப் பிடித்துக் கழுவிக்கொண்டே வாருங்கள். பார்மிக் ஆசிட் தோல் வழியாக ரத்தத்திலும் கலந்து சிவப்பணுக்களை உடைக்கும், அதனால் தொடை அளவு இடத்தில் கொட்டியது என்றால் தோல் எப்படித் தெரிந்தாலும் ரத்தப் பரிசோதனை வேண்டும்.

முந்திரி ஓட்டு எண்ணெய் வெறும் தண்ணீரில் போகாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஈர சிமெண்ட் இன்னும் மோசம், காரம் என்பதால் முதலில் வலிக்கவே வலிக்காது. கான்கிரீட் போட்டவர் சாயங்காலம் பூட்ஸைக் கழற்றும்போதுதான் முழங்காலிலும் கணுக்காலிலும் தோல் கருத்திருப்பது தெரியும். சுண்ணாம்புத் தூள் என்றால் முதலில் துணியால் தட்டி எடுத்துவிட்டுப் பிறகு தண்ணீர்.

பலாப்பழம் பறிக்கப்போய் தொரட்டி கரண்ட் கம்பியில தட்டிட்டு. கையில ஒரு பொட்டு அளவுதான் புண். வீட்டுக்குப் போகலாமா?

போகக் கூடாது. கரண்ட் ஒரு இடத்தில் நுழைந்து இன்னொரு இடத்தில் வெளியேறும், நடுவில் சதை, நரம்பு, ரத்தக் குழாய் வழியாகப் போகும். தோலில் கடுகளவு, உள்ளே முழங்கைவரை வெந்திருக்கலாம். சதவீதக் கணக்கு முழுக்க ஏமாற்றும் இடம் இதுதான். காலையும் பாருங்கள், வெளியேறின துளை பெரும்பாலும் பாதத்தில் இருக்கும்.

இ.சி.ஜி. எடுக்க வேண்டும், இருதயத் துடிப்பு தப்பலாம். மூத்திரம் கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்தில் போனால் சதை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம், அதை உடனே சொல்ல வேண்டும். தொரட்டிக்கு அலுமினியக் கம்பு கட்டாதீர்கள் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

அம்மைக்குச் சர்க்கரை உண்டு. காலை வெந்நீரில் வச்சாங்க, சின்னக் கொப்புளம்தான். வீட்டிலேயே பார்க்கலாமா?

வேண்டாம். வலி இல்லை என்றால் ஆழம் என்று மேலே சொன்னேன், சர்க்கரைக்காரருக்கு அதற்கும் முன்னாலேயே பாதத்தில் உணர்ச்சி போயிருக்கும், பொள்ளும்போதே தெரியாது. ஒரு பாட்டி கால் வீக்கத்துக்கு உப்பு வெந்நீரில் பாதத்தை வைத்துக்கொண்டு சீரியல் பார்த்திருக்கிறார். எடுத்துப் பார்க்கும்போது இரண்டு பாதத்தின் ஓரமும் மெழுகு போல வெளுத்திருந்தது, அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பரப்பு 2 சதவீதம்கூட இல்லை, ஆற நாலு மாதம் ஆனது. தண்ணீரில் முதலில் வேறு யாராவது முழங்கையை வைத்துப் பார்க்க வேண்டும்.

எத்தனை மணிக்குப் பொள்ளினது, எடை எவ்வளவுன்னு திரும்பத் திரும்பக் கேட்கிறாங்களே, எதுக்கு?

டிரிப் கணக்குக்கு. பெரியவர்களுக்கு 15, பிள்ளைகளுக்கு 10 சதவீதத்துக்கு மேல் போனால் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து உடம்பு முழுக்க வீங்கும், உள்ளே ரத்தம் வற்றிவிடும். அதை ஈடுகட்ட, எடையைச் சதவீதத்தால் பெருக்கி, மறுபடி 4ஆல் பெருக்கினால் வருவது முதல் நாளுக்கான மில்லி லிட்டர். 60 கிலோ, 20% என்றால் 4,800 மி.லி. அதில் பாதி, 2,400 மி.லி., முதல் 8 மணி நேரத்தில் போக வேண்டும். அந்த 8 மணி நேரம் பொள்ளின நேரத்திலிருந்து, ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து இல்லை. நீங்கள் வந்து சேர 3 மணி நேரம் ஆகியிருந்தால் அந்தப் பாதியை மீதி 5 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். இது தொடக்கக் கணக்குதான், அப்புறம் மூத்திரம் எவ்வளவு போகிறது என்று பார்த்துக் கூட்டுவதும் குறைப்பதும் உண்டு. இப்போது பல டாக்டர்கள் 4க்குப் பதில் 2 அல்லது 3 வைத்தே தொடங்குகிறார்கள்.

சிவப்பைச் சதவீதத்தில் சேர்க்காதீர்கள் என்றது இங்கேதான் உறைக்கும். அதே ஆளுக்கு 20ஐ 30 என்று எழுதினால் 7,200 மி.லி. ஆகிவிடும், கூடுதல் நீர் நுரையீரலில் போய் நிற்கும்.

இங்க 12%ன்னாங்க, அங்க போனா 8%ங்காங்க. ஏமாத்துறாங்களா?

ஏமாற்று இல்லை. முதலில் பார்ப்பவர் கழுவாத உடம்பை, அழுக்கும் கரியும் சிவப்புமாக, அவசரத்தில் பார்க்கிறார், பெரும்பாலும் கூட்டித்தான் வரும். கழுவி, கொப்புளத்தை எடுத்து, படத்தில் வரைந்து பார்க்கும்போது குறையும். மாறவே மாறாத எண்தான் எனக்குச் சந்தேகம் தரும், யாரும் மறுபடி பார்க்கவில்லையோ என்று தோன்றும்.

60% ன்னா பிழைக்க மாட்டாங்களா? உண்மையைச் சொல்லுங்க.

சதவீதம் மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 1961இல் போ என்ற பிரெஞ்சு மருத்துவர் வயதையும் சதவீதத்தையும் கூட்டிப் பார்க்கச் சொன்னார். 20 வயதில் 40% என்றால் 60, 70 வயதில் அதே 40% என்றால் 110. கூட்டல் ஏற ஏற ஆபத்து ஏறும். புகை உள்ளே போயிருந்தால் இன்னும் 17 கூட்டிக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் நூறு தாண்டினவர்கள் அனேகமாகப் பிழைக்கவில்லை, இன்று நல்ல தீக்காய வார்டில் நூறு தாண்டியும் பிழைக்கிறார்கள்.

வார்டு வாசலில் நின்று "60ன்னா அவ்வளவுதான்" என்று சொல்லும் சொந்தக்காரர்கள் உண்டு. பொள்ளினவர் முதல் நாள் முழு நினைவோடு இருப்பார், அவர் காதில் அது விழும். தயவுசெய்து அங்கே சொல்லாதீர்கள்.

போலீஸ் கேஸ் ஆகுமோன்னு பயமா இருக்கு. அடுப்புல பட்டதுன்னு மாத்திச் சொல்லலாமா?

மாற்றிச் சொல்லாதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் பதிவு செய்வது வழக்கமான நடைமுறை, அதற்காகச் சிகிச்சை நிற்காது. எப்படிப் பொள்ளியது என்பதை வைத்துத்தான் ஆழத்தை ஊகிக்கிறோம். ஆசிட்டைக் கொதிநீர் என்று சொன்னால் கழுவுவதை நிறுத்திவிடுவோம், கரண்ட்டைத் தீ என்று சொன்னால் இ.சி.ஜி. எடுக்க மாட்டோம். வீட்டில் யாராவது ஊற்றியிருந்தால், அந்த ஆள் கூட வந்து நின்றால், என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவது என் பொறுப்பு.

போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புறேன், பார்த்துச் சொல்றீங்களா?

அனுப்புங்கள், பார்க்கிறேன். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பொள்ளினவரின் கையையே பக்கத்தில் வைத்து ஒன்று, கொஞ்சம் தள்ளி நின்று முழுக் கையோ காலோ தெரிகிறாற்போல ஒன்று. எதனால் பொள்ளியது, எத்தனை மணிக்கு, வயது, எடை, சர்க்கரை உண்டா, தண்ணீர் எவ்வளவு நேரம் காட்டினீர்கள் என்று கீழே எழுதுங்கள். பரப்பை அதில் ஓரளவு சொல்லிவிடுவேன். ஆழத்தைச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் போட்டோவை அழுத்தி நிறம் திரும்புகிறதா என்று பார்க்க முடியாது. அதற்கு நேரில்தான் வர வேண்டும்.